வெள்ளிக்கிழமை வரை பெயர் கொடுக்கலாம்

போன திங்கட்கிழமை காலையில், டிவி சேனலுக்குப் பக்கத்திலேயே தங்கி வேலை பார்க்கப் புறப்பட்டு, நீ தோள்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாய். "சித்தி, எதனா சொல்லணும்னா இப்பவே சொல்லிடு. அங்க போனா போன் எடுக்க முடியுமோ இன்னாவோ" என்றாய். சொல்வதற்கு ஒன்று இருந்தது. நான் சொல்லவில்லை. "வேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயிலயே பொழுத ஓட்டாத" என்றேன். உன் பெரியம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கட்டைவிரலால் உன் நெற்றியில் சிலுவை போட்டாள். "உங்க நைனா உக்காந்த சேரு. கெத்தா உக்காரு ராஜா" என்றாள். நீ சிரித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடினாய்.

நான் சொல்லாதது இதுதான். முந்தின நாள் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது கோயில் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கடல் பொங்கி வந்தபோது குடிசை இழந்தவர்களில், அன்று மாற்று வீட்டுக்கான பட்டியலில் பெயர் கொடுக்காமல் விட்டுப்போனவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. சமுதாயக் கூடத்தில் மேஜை போட்டு உட்காருவார்கள், வெள்ளிக்கிழமை வரை பெயர் கொடுக்கலாம். நான் அதைப் பெரியம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "பையன் டிவில இன்னா சொல்றான்னு பாத்துட்டு குடுக்கறேன்" என்றாள். ஏதோ வானிலை அறிக்கைக்குக் காத்திருப்பதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னாள். உன் முதல் நாளில், நீ வாசலில் நிற்கும்போது, இதை எப்படிச் சொல்வது? உன் வாயிலிருந்து விழப்போகும் ஒரு சொல்லுக்காக ஒருத்தி வீட்டை நிறுத்திவைத்திருக்கிறாள் என்று சொன்னால் நீ மிரண்டுவிடுவாய், அல்லது பெருமைப்படுவாய். இரண்டுமே எனக்குப் பயமாக இருந்தது. அவளாகவே ஒருநாள் மனம் மாறிப் போய்க் கொடுத்துவிடுவாள் என்றும் நம்பினேன். இப்போது சொல்ல வேண்டியதெல்லாம் நீளமாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். வீட்டிலிருந்து வரும் கடிதத்தை நீ மேசையில் போட்டுவிட்டு மறந்துபோவாய். அச்சில் வந்தால் படிப்பாய். அதனால்தான் பேர் போடாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னைப் போல அந்த நாற்காலியில் உட்காருகிற மற்ற பிள்ளைகளின் வீட்டிலும் யாராவது இப்படிக் காத்துக்கொண்டிருக்கலாம்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பத்து வயது, எனக்கு இருபத்திரண்டு. உன் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நீ என்னைச் சித்தி என்று கூப்பிட்டது எனக்கு வசதியாக இருந்தது, ஏனென்றால் அம்மா என்ற சொல்லுக்கு நான் தயாராக இல்லை. ராயபுரத்தில் ரயில்வே குவார்ட்டர்சில் வாடகை நூலகத்துப் புத்தகங்களுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். பேசுவதைவிடப் படிப்பது எனக்குச் சுலபம். உன் அப்பாவுக்குப் பேச ஆள் வேண்டும், எனக்குக் கேட்க ஒருவர் வேண்டும். அந்தக் கல்யாணம் அப்படித்தான் நின்றது.

துறைமுகத்தில் அவர் டாலி கிளார்க்காக இருந்தார் என்பது உனக்குத் தெரியும். அந்த வேலை மனிதனை என்ன செய்யும் என்பது உனக்குத் தெரியாது. கப்பலிலிருந்து கிரேன் இறக்கும் ஒவ்வொரு தூக்குச் சரக்கையும் எண்ண வேண்டும். நான்கு கோடு நெட்டாக, ஐந்தாவது குறுக்காக. கப்பல்காரன் தரப்பில் ஒருவர் எண்ணுவார், கரைத் தரப்பில் அப்பா எண்ணுவார். ஷிப்டு முடிந்ததும் இருவர் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் கையெழுத்து. ஒத்துப்போகவில்லை என்றால், கணக்கு உதைக்கிறது என்பார்கள். மூட்டை ஆவியாகாது. யாரோ ஒருவன் கை வைத்திருக்கிறான், அவ்வளவுதான். அந்த இடத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. அப்பா அதில் கெட்டிக்காரர். ஷிப்டு முடிந்து வந்து, லுங்கி மாற்றாமலே உட்கார்ந்து, எவன் எப்படி எடுத்தான், எங்கே ஒளித்தான், எப்படிப் பிடித்தோம் என்று சொல்வார். எந்தத் துப்பறியும் நாவலும் அவ்வளவு சுவாரசியமாக இருந்ததில்லை. நான் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன்.

ஒரு கிறிஸ்துமசுக்கு நான் கல்கல் பலகாரம் செய்து டின்னில் போட்டு வைத்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மறுநாள் டின் குறைந்திருந்தது. அப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிட்டார். உன்னைக் கூப்பிட்டு நிறுத்தி, அடிக்காமல், திட்டாமல், பொறுமையாக விசாரித்தார். "எலி தின்னிருந்தா தூளு கொட்டியிருக்கும். எறும்பு தூக்கினு போவ முடியாது. வூட்ல மூணு பேரு. நான் எடுக்கல. சித்தி செஞ்சவ, அவளுக்கு டின்ன தொறந்து திங்க இன்னா வெக்கம்? மிச்சம் யாரு?" நீ அழுதுகொண்டே நான்தான் என்று ஒப்புக்கொண்டாய். அப்பா உன் தலையைத் தடவி, "உண்மைய சொன்னா ஒண்ணும் கெடையாது, போ" என்றார். உண்மையில் நான்தான் அதில் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தேன். குளித்துவிட்டு வந்து விஷயம் தெரிந்ததும் சொன்னேன். அவர் வெட்கப்படவில்லை, கையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா? தானா கொறயலல்ல? யாரோ எடுத்தாங்கல்ல?" என்றார். நீ செய்யாததை ஒப்புக்கொண்டு அழுதது அவர் கணக்கில் எங்குமே வரவில்லை. நானும் அன்று சிரித்துவிட்டேன். இப்போது அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அப்புறம் கன்டெய்னர் வந்தது. மூட்டையும் பெட்டியும் கண்ணால் பார்த்து எண்ணியது போய், பூட்டி முத்திரை வைத்த இரும்புப் பெட்டி வந்து இறங்கிற்று. எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. நம்பரைக் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டது. டாலி கிளார்க்குகளை ஒவ்வொருவராக விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். அது யாருடைய விருப்பம் என்று அப்பா கேட்பார். சாயங்காலங்களில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் டிரெய்லர் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "பூட்டுன பொட்டிக்குள்ள இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியும்? டிரைவருக்குத் தெரியுமா? கஸ்டம்சுக்குத் தெரியுமா? ஒருத்தனுக்கும் தெரியாது. ஊரே கம்முனு கீது." அவருடைய எல்லாக் கதைகளும் அந்தப் பெட்டியிலிருந்துதான் புறப்பட்டன என்று நான் நினைக்கிறேன். ஆயுள் முழுக்கக் கண்ணால் எண்ணிய மனிதனிடம், இனிமேல் பார்க்காதே, நம்பிக்கொள் என்றார்கள். அவரால் முடியவில்லை.

வந்த பணத்தில் நெட் சென்டர் போட்டார். பிளைவுட் அறைகள், பழைய ஃபேன், பரீட்சை முடிவு பார்க்க வரும் பிள்ளைகள், அரட்டை அடிக்க வரும் பையன்கள். நீயும் பள்ளிக்கூடம் விட்டு அங்கேதான் வருவாய். மூலை சிஸ்டத்தில் அப்பா உட்கார்ந்து அமெரிக்காக்காரர்கள் சதிக்கதைகள் எழுதிப் போடும் இணையக் குழுக்களைப் படிப்பார். அவருடைய ஆங்கிலம் சரக்கு ஆங்கிலம், அதற்கு மேல் போகாது. நான்தான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தமிழில் சொல்லுவேன். விளக்கணைந்த கப்பல்கள், மறைக்கப்பட்ட தீவுகள், உலகத்தை நடத்தும் நாலு குடும்பங்கள். "நீ இத நம்பறியா?" என்று கேட்பார். "நல்லா எழுதியிருக்கான்" என்பேன். எனக்கு அது இன்னொரு புத்தகம். மூடி வைத்துவிட்டுச் சோறாக்கப் போய்விட என்னால் முடியும். அவருக்கும் முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவரே இணையத்தில் எழுதத் தொடங்கினார். முதல் கட்டுரை, ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் கிடந்த பெட்டிகளைப் பற்றி. பழைய காகிதம் என்று பேர் போட்டு வந்த பெட்டிகள், நாறுகின்றன, ஈ மொய்க்கிறது, உள்ளே வெளிநாட்டுக் குப்பை இருக்கிறது என்று எழுதினார். நான் வாக்கியங்களைச் சரிசெய்து தட்டச்சு செய்தேன். சில வாரங்கள் கழித்துப் பெட்டிகளைத் திறந்தார்கள். குப்பைதான். அன்று அவர் தெரு முழுக்க மிக்சர் வாங்கிக் கொடுத்தார். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம்மூர்ப் பையன்கள் பாராட்டி எழுதினார்கள். அவர் முதல்முறை சொன்னதே சரியாக இருந்தது, பார். தப்பாக இருந்திருந்தால் ஒருவேளை அதோடு விட்டிருப்பார் என்று எனக்குப் பலநாள் தோன்றியிருக்கிறது. அந்தக் கட்டுரைக்காக அவர் மூன்று நாள் கிடங்கு வாசலில் நின்றார், லாரிக்காரர்களோடு டீ குடித்தார், மோந்து பார்த்தார். அதற்கப்புறம் எழுதிய எதற்கும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமலே தெரிந்துவிடுகிறது என்று நம்பிவிட்டார்.

சுங்கச்சாவடிப் பக்கம் மெத்தைக் கடை மாடியில் கேபிள்காரர் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். நீலத் திரை, அதில் கப்பல் படம். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம். 'கணக்கு உதைக்குது' என்பதுதான் நிகழ்ச்சியின் பேர். எண்ணூர்க் கழிமுகத்தில் மீன் செத்து மிதந்தால் அதன் பின்னால் யார், மாலையில் கரன்ட் போனால் யாருக்கு லாபம், போலியோ சொட்டு மருந்து எதற்கு இலவசம். பேனாவால் மேஜையைத் தட்டி, கேமராவைப் பார்த்து, "கணக்கு உதைக்குது மக்களே" என்பார். காசிமேட்டு ஏலக்காரர்கள் நண்டுக்கு விலை படியாதபோது அதையே சொல்லிச் சிரித்தார்கள். உனக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் சீப்பால் தட்டி நீ அதைச் சொல்லிப் பார்த்ததை நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். அந்தக் கழிமுகத்து மீன்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அனல்மின் நிலையத்தின் சுடுதண்ணீரும் சாம்பலும் அங்கே கலக்கின்றன என்பது காத்திவாக்கத்தில் இறால் பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். மனு கொடுத்து அலைந்துகொண்டிருந்தார்கள். அப்பா அதை ஓர் அயல்நாட்டுச் சோதனை என்று சொன்னபிறகு, மனு கொடுக்கப் போனவர்களை அலுவலகத்தில் சிரித்து அனுப்பினார்கள். "அந்த டிவிக்காரரு ஆளா நீங்கோ?" என்றார்களாம்.

கடல் வந்த காலையை நான் எழுத மாட்டேன். உனக்குத் தெரியும், கோயிலுக்கு உடுத்திய வேட்டியோடு நீதான் ஓடிப்போய்ப் பெரியம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாய். பெரியப்பா கிடைக்கவே இல்லை. குடிசை இருந்த இடம் வழித்து விட்டதுபோலக் கிடந்தது. தார்ஷீட் கொட்டகைகளில் எல்லோரையும் வைத்தார்கள். சில மாதங்கள் கழித்துப் பட்டியல் எடுக்க வந்தார்கள். உள்ளே தள்ளி அடுக்குமாடி வீடு தருகிறோம், பெயர் கொடுத்துக் கைநாட்டு வையுங்கள், கரையில் திரும்பக் குடிசை போடக்கூடாது என்றார்கள். அன்று சாயங்காலம் அப்பா சொன்னார்: "பேரு குடுத்தா கரை போச்சு. கைநாட்டு வெச்சா நீ ஒத்துக்கினேன்னு அர்த்தம். கணக்கு உதைக்குது மக்களே." அதில் பாதி உண்மை. கரையிலிருந்து அவர்களை நகர்த்தத்தான் செய்தார்கள். ஆனால் மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. பேர் கொடுக்காதவர்களுக்குக் கரையும் இல்லை, வீடும் இல்லை.

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். மறுநாள் வரிசையில் போய் நின்று பேர் கொடுத்துவிட்டார்கள். மீன்காரப் பெண்கள் புத்திசாலிகள், டிவியை டிவியாகப் பார்க்கத் தெரிந்தவர்கள். கொடுக்காமல் இருந்தவர்கள் சிலர். அதில் ஒருத்தி உன் பெரியம்மா. அவளுக்கு அது டிவியில் வந்த யாரோ இல்லை. தங்கச்சி புருஷன். தங்கச்சி செத்தும் உறவு விடாத மனுஷன். "அவரு எனக்கு கெட்டது சொல்வாரா?" என்றாள். மற்றவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு மாடி வீடுகளுக்குப் போனார்கள். அந்த வீடுகள் சொர்க்கம் ஒன்றும் இல்லை, தண்ணீர் வராது, கடலுக்குப் போக இரண்டு பஸ். இருந்தாலும் கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு. பெரியம்மா தார்ஷீட்டுக்கு அடியில் வெந்துகொண்டு கிடந்தாள். கடைசியில் கொட்டகையையும் பிரித்தார்கள். ஒரு மூட்டையும் மீன் கூடையுமாக நம் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

அன்று அப்பா தலையில் கை வைத்து உட்காருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவளைக் குளித்துவிட்டு நல்ல புடவை கட்டச் சொல்லி ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். திரைக்கு முன்னால் உட்காரவைத்து, "பாருங்க மக்களே, பேரு குடுக்காதவங்கள எப்படிப் பழிவாங்கறாங்கோன்னு" என்றார். அவர் சொன்னதற்கு அவளே சாட்சியாகிவிட்டாள். பெரியம்மா மிரண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் மறுநாள் காசிமேட்டில், "இன்னா ஆரோக்கியம், டிவிலலாம் வந்துகினு கீற, மேக்கப்புலாம் போட்டாங்களா?" என்று கேட்டார்களாம். அதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வீடு போன மனுஷிக்கு அது கிடைத்தது. அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கப்புறம் அவளால் பின்னால் போகவே முடியாமல் போயிற்று. இன்றைக்குப் பேர் கொடுத்தால், அந்த வெயிலில் வெந்த வருடங்கள் வெறும் முட்டாள்தனம் என்று ஆகிவிடும். அவள் காப்பாற்றுவது அப்பாவின் சொல்லை இல்லை, தான் பட்டபாட்டை.

பெரிய சேனல்கள் கூப்பிட ஆரம்பித்தது அதற்கப்புறம். நகரத்துக்குள் போய் விவாதங்களில் உட்கார்ந்தார். முதல் நாள் பேருக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டார்களாம். போன் போட்டு என்னிடம் கேட்டார். "முன்னாள் டாலி கிளார்க்னு போடச் சொல்லுங்க" என்றேன். சிரித்தார். 'கடல்சார் ஆய்வாளர்' என்று போட்டார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, நாலு பேர் கத்துவதற்கு நடுவில் அவரும் கத்தினார். அவர் சொல்வதை யாரும் முடிக்கவிடவில்லை. சண்டை சூடாக வேண்டும் என்பதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்கும் தெரிந்தது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிடுவார். என்னிடம் கதை சொல்வதை நிறுத்தியிருந்தார்.

உனக்குத் தெரியாத ஒன்று. சர்க்கரை மாத்திரை கம்பெனிக்காரன் செய்யும் சதி, அதை விட்டுவிட்டு இன்ன கசாயம் குடியுங்கள் என்று அவர் ஒரு வாரம் பேசினார், ஞாபகம் இருக்கிறதா? அந்த வாரமும், அதற்கு முன்பும் பின்பும், சாகும்வரைக்கும், அவர் தன் சர்க்கரை மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருப்பார். நான் ஒருநாள் தண்ணீரோடு நின்று, "டிவில வேணாம்னீங்களே" என்றேன். "அது வேற, இது வேற" என்றார். கோபமில்லாமல், மிகவும் களைப்பாக. அவர் பொய்யர் இல்லை. பேசும்போது பேசுவதை நம்பினார், விழுங்கும்போது மாத்திரையை நம்பினார். இரண்டையும் அவர் ஒருமுறைகூடப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை. வாழ்நாள் முழுக்க இரண்டு தாளை ஒப்பிட்ட மனுஷன்.

போன வருடம் அவரை அடக்கம் செய்த அன்று சேனல்காரர்கள் மாலையோடு வந்தார்கள். நீ செபம் வாசித்தாய். வாசித்து முடித்ததும் அவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "வாய்ஸ் அப்டியே இருக்குல்ல" என்றது என் காதில் விழுந்தது. இப்போது அப்பாவின் நாற்காலிக்கு உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். சரக்கு முன்பதிவு அலுவலகத்தில் நீ பார்த்த வேலை சின்னதுதான், சம்பளம் குறைவுதான். உன்னை அதில் உட்கார்ந்து மட்கிப் போ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நீ படித்த பிள்ளை, சொட்டு மருந்தைப் பற்றியெல்லாம் பேச மாட்டாய் என்றும் தெரியும். "நான் நைனா மாதிரி தீர்ப்பு சொல்ல மாட்டேன் சித்தி, கேள்விதான் கேப்பேன்" என்றாய். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா தலை வாரி, பூ வைத்து, கோயிலுக்குப் போவதுபோல உட்கார்ந்திருந்தாள். காத்திவாக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். "அண்ணே, மறுபடியும் பேரு எழுதறாங்கோ. குடுக்கலாமா, வேணாமா?" நீ பேனாவால் மேஜையைத் தட்டினாய். "குடுங்கன்னும் நான் சொல்லல, குடுக்காதீங்கன்னும் சொல்லல. கேள்வி மட்டும் கேக்கறேன். இத்தினி வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு உங்க கைநாட்டு வேணும்? யாருக்கு வேணும்?" என்றாய். உடனே தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் விளம்பரம் வந்துவிட்டது.

"அப்பனுக்கு மேல கீறான்" என்றாள் பெரியம்மா. கண் கலங்கியிருந்தது.

"அவன் குடுக்க வேணாம்னு சொல்லலியேக்கா."

"குடுன்னும் சொல்லலியே."

"போன் போட்டுத் தரேன். அவன்கிட்டயே கேளுங்க. குடு பெரியம்மான்னுதான் சொல்வான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டிவில ஒண்ணு, போன்ல ஒண்ணு பேசறவனா என் தங்கச்சி புள்ள?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அரிசி டப்பாவையும் மாத்திரையையும் சொன்னேன். அவள் தலையில் வைத்திருந்த பூவைக் கழற்றி டிவி மேல் வைத்தாள். பிறகு, "செத்தவரு மேல பழி போடாத. நீ படிச்சவ, ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

உன்னிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் உனக்குத் தெரியாது. எதற்காகத் திரும்பப் பட்டியல் எடுக்கிறார்கள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். கோயில் சங்கத்தார் நாலு வருடம் அலைந்து மனு கொடுத்ததால் எடுக்கிறார்களாம். சமுதாயக் கூடத்துக்கு நடந்து போய்க் கேட்டேன், சொன்னார்கள். நீ போயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். தெரியாததைக் கேள்வி மாதிரி சொன்னால், கேட்கிறவள் காதில் அது பதிலாகத்தான் விழுகிறது. தெரியாது என்று சொல், நாளைக்கு விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல், நிகழ்ச்சி சப்பென்று போகட்டும். உன் அப்பா அந்த நாற்காலியில் இருந்த காலம் முழுக்க அதை ஒருமுறைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாக் குறைவுக்கும் பின்னால் ஒரு கை இருக்கிறது என்று தேடாதே. சில சமயம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருப்பார்கள். சில சமயம் சோம்பல், சில சமயம் மறதி. திருட்டும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அதைப் பிடிக்க வேண்டுமானால் கிடங்கு வாசலில் மூன்று நாள் நிற்க வேண்டும், உன் அப்பா ஒருமுறை நின்றதுபோல. யாரும் உன் பேச்சை நம்பி வீட்டை விட மாட்டார்கள் என்று நினைக்காதே. ஊரில் யாரும் விட மாட்டார்கள். வீட்டில் இருப்பவள் விடுவாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரியம்மா வழக்கம்போலக் காசிமேட்டுக்குப் போய் நண்டு எடுத்துக்கொண்டு வந்து தெருத்தெருவாக விற்றாள். சமுதாயக் கூடத்து வழியாகவும் போனாளாம். பெயர் எழுத மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் கூப்பிட்டு, "நண்டு எப்படி?" என்று கேட்டு, பேரம் பேசி வாங்கினாராம். அதைச் சொல்லிச் சிரித்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேஜையையும் நாற்காலியையும் மடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியம்மா பெயர் கொடுக்கவில்லை.